குறிநோக்கியின் உறுதியும் ஆயுளும்

முகவுரை

தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கும் ரைபிள் துப்பாக்கியின் மேலமைந்த தொலைநோக்கிக்கும் யாது தொடர்பு என இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடுமுறை நாட்களிற் சென்ற ஒரு பயிற்சி முகாமில் .22 ரைபிளைத் தோளிற் சேர்த்து முதன்முதல் சுட்ட அன்று இப்பொருளின்மேல் எமக்கு ஆவல் பிறந்தது. ஐந்து குண்டுகளும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நெருங்கி விழுந்தன. ஆயின் விழுந்த இடம் இலக்கின் நடுவன்று, நான்கு விரற்கடை இடப்புறம். எம் கண்ணையும் கையையும் நொந்து நின்றோம். பயிற்றுவித்தவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, குண்டுகள் சிதறியிருந்தால் பிழை சுட்டவனுடையது, ஓரிடத்தே நெருங்கி விலகியிருந்தால் பிழை கருவியுடையது என்று விளக்கினார். கை மெய் கூறியும் கருவி பொய் கூறலாம் என்னும் அவ்வுண்மை எம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

பாரதக் கதையில், துரோணர் மரத்தின்மேலிருந்த பறவையைக் காட்டி, யாது தெரிகின்றது என்று வினவினார். ஏனையோர் மரத்தையும் கிளையையும் கண்டனர்; அருச்சுனனோ பறவையின் தலையொன்றையே கண்டான். அவன் கண்ணுக்கும் இலக்குக்கும் இடையே வேறொன்றும் நிற்கவில்லை. இக்காலத்துக் குறிகாரனுக்கோ இடையே ஒரு குழலும் ஏழெட்டுக் கண்ணாடி வில்லைகளும் நிற்கின்றன. அவை மெய்யுரைக்குமா? எத்துணைக் காலம் உரைக்கும்? இவ்விரண்டு வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குறி என்னுஞ் சொல் நம் மொழியில் அடையாளத்தையும் உணர்த்தும், இலக்கையும் உணர்த்தும், எண்ணத்தையும் உணர்த்தும். ஆதலின் துப்பாக்கியின்மேல் அமைந்த இத்தொலைநோக்கியை இக்கட்டுரையில் 'குறிநோக்கி' என்றே வழங்குவோம்.

கருவியின் அமைப்பு

வெறுங்கண்ணாற் குறிபார்ப்போன் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தல் வேண்டும். மூன்றும் வெவ்வேறு தொலைவில் நிற்பவை. கண் ஒன்றைத் தெளிவாகப் பற்றும்பொழுது ஏனையவை மங்கும். குறிநோக்கியின் பெருநலம் உருவைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமன்று. இலக்கின் உருவையும் குறுக்கிழைகளையும் ஒரே தளத்திற் கொணர்ந்து, இரண்டும் ஒருங்கே தெளிவாகத் தோன்றச் செய்வதே அதனினும் பெரிய நலம்.

பௌதிகம் பயிலும் நண்பர்க்கு இது புதிதன்று. நிறமாலைமானியின் தொலைநோக்கியில் தலையை அசைத்து, குறுக்கிழை உருவினின்றும் விலகாதவாறு திருத்துகின்றார்களல்லவா? அதுவே இதுவும். முன்வில்லை தலைகீழான உருவை அமைக்கும். நடுவேயுள்ள சிறிய உட்குழலின் வில்லைகள் அவ்வுருவை நிமிர்த்தும். கண்ணருகிலுள்ள வில்லை அதனைப் பெரிதாக்கும். வெளியே தோன்றும் இரண்டு திருகுகளுள் மேலது உயரத்தையும் பக்கத்தது இடவலத்தையும் திருத்துவன. இக்காலக் குறிநோக்கிகளில் இத்திருகுகள் உட்குழலை ஒருபுறம் தள்ள, எதிர்ப்புறத்தே ஒரு வில்சுருள் அதனை அழுத்தி நிற்கும்.

திருகு ஒவ்வொரு சொடுக்காக நகரும். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. நூறு கஜத் தொலைவில் ஒரு கலை என்பது 1.047 அங்குலம். கால்கலைச் சொடுக்கு உடைய கருவியில் ஒரு சொடுக்கு, நூறு கஜத்தில் ஏறக்குறையக் கால் அங்குலம் குறியை நகர்த்தும். உள்ளே உட்குழல் நகர்வதோ மயிரிழையினும் நுண்ணிய அளவு. இந்நுண்மையே இக்கருவியின் பெருமை. இதன் நோய்களுக்கெல்லாம் பிறப்பிடமும் இதுவே.

வரலாற்றுச் சுருக்கம்

17-ஆம் நூற்றாண்டில், 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கிலாந்தின் யார்க்ஷயர் நாட்டு வில்லியம் காஸ்காயின் என்பார் தம் தொலைநோக்கியினுள்ளே சிலந்தி இழையொன்று படிந்து, காணும் பொருளோடு ஒருங்கே தெளிவாகத் தோன்றுவதைக் கண்டார். அதனினின்றே குறுக்கிழை பிறந்தது. வானவர் கணிதத்திற்குப் பயன்பட்ட அவ்விழை துப்பாக்கியின்மேல் ஏறுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டு யூட்டிக்கா நகரில் மார்கன் ஜேம்ஸ் என்னும் துப்பாக்கிக் கம்மியர், ஜான் சாப்மன் என்னும் பொறிஞரின் யோசனைப்படி குறிநோக்கிகளைச் செய்தார். 1855-இல் வில்லியம் மால்கம் சிரக்யூஸ் நகரில் அதனினுஞ் சிறந்தவற்றைச் செய்யலானார். அக்காலக் கருவி துப்பாக்கிக் குழலின் நீளமே நீண்டிருக்கும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தேர்ந்த குறிகாரர் சிலர் இவற்றைக் கொண்டு போரிட்டனர். இரு உலகப் போர்களிலும் இக்கருவி படைகளின் நிலையான உடைமையாயிற்று. இனி, அக்கருவிகளுள் ஒன்றன் வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

ஒரு கருவியின் வாழ்க்கை வரலாறு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் 4-ஆம் எண் லீ-என்பீல்டு ரைபிளின்மேல் 32-ஆம் எண் தொலைநோக்கியைப் பொருத்தினர். இது முதலிற் பிரென் எந்திரத் துப்பாக்கிக்கென்று வகுக்கப்பட்டது. குறிகாரர்க்குப் பின்னரே பயன்பட்டது. உருவை மும்மடங்கு பெருக்குவது. முன்வில்லையின் குறுக்களவு 19 மில்லிமீட்டர். இக்காலத்து இளைஞர் இவ்வளவைக் கேட்பின் நகைப்பர். ஆயின் அதன் உடல் தடித்த உலோகம், எடை மிகுதி.

அதன் முதற் படைப்பிற் குறைகள் இல்லாமலில்லை. உயரத் திருகு ஐம்பது கஜத்துக்கு ஒருமுறையே சொடுக்கிற்று. பக்கத் திருகின் ஒரு சொடுக்கு இரண்டு கலை. நானூறு கஜத் தொலைவில் இரண்டு கலை எட்டங்குலத்துக்கு மேலாகும். ஒரு சொடுக்கிற்கும் மறு சொடுக்கிற்கும் இடையே மனிதன் தலையொன்று மறைந்து நிற்க இடமுண்டு என்றால் அக்கருவியை எங்ஙனம் முற்றும் நம்புவது? ஆகவே இரண்டாம், மூன்றாம் படைப்புகளில் ஒரு கலைக்கு ஒரு சொடுக்காகத் திருத்தினர்.

கருவியைப் பேணிய முறை கருதற்பாலது. லண்டன் நகரத்து ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார், தேர்ந்தெடுக்கப்பட்ட இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ரைபிள்களிற் குறிநோக்கி பொருத்தினர். ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு குறிநோக்கியே உரியது. அதன் எண்ணை ரைபிளின் மரக்கட்டையிற் பொறித்து வைத்தனர். ஒன்றன் குறிநோக்கியை மற்றொன்றில் மாட்டுதல் தகாது. ரைபிளுக்கு மரப்பெட்டி, குறிநோக்கிக்குத் தனியே தகரப்பேழை. கழற்றி மாட்டினும் குறி மாறாதிருத்தற்பொருட்டு, பற்றுச்சட்டத்தை ரைபிளோடு கையால் இழைத்து ஒட்டப் பொருத்தினர்.

இவ்வுழைப்பின் பயன் யாது? போர் 1945-இல் முடிந்தது. 1970-இல் அப்பழைய ரைபிள்களை 7.62 மில்லிமீட்டர்க் குண்டுக்கு மாற்றி, எல் 42 ஏ 1 எனப் பெயரிட்டபொழுது, அதே 32-ஆம் எண் குறிநோக்கிகளின் மூன்றாம் படைப்பைப் பிரித்துப் புதுக்கி எல் 1 ஏ 1 என்ற பெயரில் மீண்டும் அமர்த்தினர். 1982-இல் பாக்லண்டுத் தீவுப் போரிலும் அவை பணிபுரிந்தன. 1944-ஐ ஒட்டிச் செய்த ஒரு கண்ணாடிக் கருவி நாற்பதாண்டுகட்குப் பின்னும் போர்முனையில் நின்றது! ஆயின் ஒன்று நினைவிற் கொள்க. அது தானே நாற்பதாண்டு வாழவில்லை. பிரித்து, துடைத்து, திருத்தி, மீண்டும் அடைத்த கம்மியர் கைகளால் வாழ்ந்தது. பழுது பார்க்கத் தக்கவாறு செய்யப்பட்டமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்க.

குறிநோக்கியின் பகைகள்

முதற்பகை உதைப்பு. நான்கு கிலோ எடையுள்ள ரைபிளொன்று ஒன்பதரைக் கிராம் குண்டை நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். குண்டு குழலைவிட்டு நீங்குமுன், ஒரு நொடியின் ஆயிரத்திலொரு கூற்றினும் சிறிது மிக்க காலத்தில், ரைபிள் பின்னோக்கி நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைப் பெறுகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின் அது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு முடுக்கம். அரைக் கிலோ எடையுள்ள குறிநோக்கி அக்கணத்தில் நூறு கிலோ மூட்டைபோல் தன் பிடிகளை இழுக்கின்றது. ஒவ்வொரு வில்லையும், ஒவ்வொரு திருகும், நுண்ணிய குறுக்கிழையும் இவ்வதிர்ச்சியைத் தாங்கல் வேண்டும். ஆயிரம் முறை சுட்டால் ஆயிரம் முறை தாங்கல் வேண்டும். கம்பியால் இழுத்துக் கட்டிய குறுக்கிழை ஒருநாள் அறுபடலாம். கண்ணாடியிற் பொறித்த இழை அறாது. இதுபற்றியே அவ்வகை பெருகி வருகின்றது.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. பெருந்துப்பாக்கியின் உதைப்பைப் பல்லாண்டு தாங்கிய குறிநோக்கி, சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியின்மேல் சில நாட்களிற் கெடுவதுண்டு. அத்துப்பாக்கியில் உந்துதண்டு முன்னே பாயும்பொழுது துப்பாக்கி பின்னே நகரும். தண்டு முனையிற் சென்று மோதும்பொழுது துப்பாக்கி திடீரென முன்னே இழுக்கப்படும். பின்னுதைப்பு ஒன்றையே கருதி வில்லைகளை இறுக்கிய கருவி இம்முன்னிழுப்பைத் தாங்காது. வலிமை என்பது எத்திசைத் தாக்குதலுக்கு எதிரே என்பதையும் சேர்த்து அறியற்பாலது.

இரண்டாம் பகை ஈரம். குழலினுள் அடைபட்ட காற்றில் நீராவி இருப்பின், குளிரில் அது வில்லையின் உட்புறத்தே பனித்துளியாகப் படியும். வெளிப்புறம் படிந்ததைத் துடைக்கலாம். உட்புறத்ததை யார் துடைப்பார்? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மார்க்கஸ் லியூபோல்டு என்பார் மான் வேட்டையிற் குறிநோக்கி மங்கியதால் மானைத் தவறவிட்டு, இதனினும் நல்லதை யானே செய்வேன் எனச் சூளுரைத்ததாக அவர் நிறுவனத்தார் கூறுவர். 1947-இல் அவர்கள் மங்காத குறிநோக்கியை விற்கலாயினர். குழலினுள்ளிருந்து ஈரக்காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி, இணைப்புகளை ரப்பர் வளையங்களால் அடைப்பதே அம்முறை. 1963-இல் சோவியத் படை ஏற்ற திராகுனோவ் ரைபிளின் பி.எஸ்.ஓ-1 குறிநோக்கியும் இவ்வாறு நைட்ரஜன் நிரப்பியதே. நம் இந்தியப் படையும் அந்த ரைபிளை வழங்கி வந்துள்ளது. எனினும் ரப்பர் என்றும் இளமையோடிராது. இறுகும், வெடிக்கும், வாயு மெல்லக் கசியும். ஆகவே மங்காமை ஒருமுறை பெற்று முடிந்த வரமன்று, காலந்தோறும் புதுப்பிக்கற்பாலது.

மூன்றாம் பகை பூஞ்சணம். ஈரமும் வெம்மையும் மிக்க நம் நாட்டிற்கு இஃது உறவினன் போன்றது. எம் நண்பரொருவர் ஆய்வகத்தின் பழைய தொலைநோக்கியொன்றை விளக்கின்முன் பிடித்துக் காட்டினார். வில்லையின் ஓரத்தினின்று வெண்ணிற வேர்கள்போல் நுண்ணிழைகள் உள்ளே படர்ந்திருந்தன. பல மழைக்காலம் மூடிய அலமாரியிற் கிடந்ததன் பயன் அது. பூஞ்சணம் சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சையும், நாளடைவிற் கண்ணாடியையுமே அரிக்கும். அரித்தபின் துடைத்துப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் படைகளின் கண்ணாடிக் கருவிகள் இதனாற் பெரிதும் கெட்டன. தோலுறை அழகியதாயினும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; நீண்ட நாள் வைப்பதாயின் சிலிக்கா மணிகளோடு உலர்ந்த பேழையில் வைத்தலே நன்று.

நான்காவது முதுமை. பழைய வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டக் கானடா பால்சம் என்னும் மரப்பிசினையே வழங்கினர். ஆண்டுகள் செல்லச்செல்ல அது மஞ்சளிக்கும். வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்கின் ஓரத்திற் பிரியும். பின்வந்த செயற்கைப் பசைகள் இதனினும் உறுதியானவை. மேற்பூச்சும் அத்தகையதே. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி எறியும். பத்துப் பரப்புகளைக் கடக்கையில் மூன்றிலொரு பங்கு ஒளி வீணாகும். 1935-இல் ஜெர்மானிய ஸைஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஸ்மாக்குலா கண்ட மேற்பூச்சு இவ்விழப்பைக் குறைத்தது. ஆயினும் தொடக்ககாலப் பூச்சுகள் மென்மையானவை. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தே அவற்றைக் கெடுத்தோர் பலர். இருளில் ஒளிரும் பொருட்டுச் சில குறிநோக்கிகளில் டிரிட்டியம் வைப்பர். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அத்துணை ஆண்டில் அதன் கதிரியக்கம் பாதியாகும், ஒளியும் அதனோடு குன்றும். இம்முதுமையை எந்தப் பேணுதலும் தடுக்க இயலாது.

இவையன்றி, குறிநோக்கியின்மேற் சுமத்தும் பழிகள் பல அதற்கு உரியனவல்ல. அதனைப் பற்றிநிற்கும் வளையத்தின் ஆணி தளர்ந்திருக்கும். அல்லது மிகையாக முறுக்கிய வளையம் குழலையே நசுக்கியிருக்கும். குற்றவாளியைத் தண்டிக்குமுன் அயலாரையும் விசாரித்தல் அறம்.

சோதிக்கும் முறை

கருவி மெய்யுரைக்கின்றதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. இலக்கட்டையின் நடுவே குறிவைத்துச் சுடுக. பின் மேலே இருபது சொடுக்கு, வலத்தே இருபது, கீழே இருபது, இடத்தே இருபது எனத் திருகி, ஒவ்வொரு முறையும் முதலிற் குறித்த அதே புள்ளியையே நோக்கிச் சுடுக. குண்டுகளின் துளைகள் ஒரு சதுரமாக அமைந்து, இறுதிக் குண்டு முதற்குண்டின் இடத்தே விழல் வேண்டும். விழாதாயின் உள்ளே வில்சுருள் தளர்ந்தது, அல்லது திருகு தேய்ந்தது. திரும்பி வருதல் ஒரு குணம்; சொன்ன அளவே நகர்தல் மற்றொரு குணம். பின்னதை அறிய, நூறு கஜத் தொலைவில் தூக்குநூலால் நேராக நிறுத்திய உயர்ந்த அட்டையில் நாற்பது கால்கலைச் சொடுக்குகள் மேலே திருகிப் பார்க்கலாம். 10.47 அங்குலம் உயரல் வேண்டும். பத்தங்குலமே உயர்ந்தால் அக்கருவி ஒவ்வொரு நூற்றுக்கும் நான்கைந்து பங்கு பொய் கூறுகின்றது. ஒழுங்காகவே பொய் கூறுமாயின் அதைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒருநாள் ஒருவிதம் கூறுவதே பேரிடர்.

சோதனையின் அருமையை நம் நாட்டு வரலாறே காட்டும். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமில்லை, துளைக்குறியே வழங்குவது. 2008 ஆகஸ்டு 11-இல் பெய்ஜிங் நகரில் 10 மீட்டர் காற்று ரைபிள் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்திரா சோதனைக் குண்டொன்றைச் சுட, அது நடுவினின்று வெகுவாக விலகி விழுந்தது. குறிக்கருவி இடம் மாறியிருந்தமையை உணர்ந்து, எஞ்சிய சில மணித்துளிகளில் அதனைத் திருத்திக்கொண்டு போட்டியில் இறங்கினார்; தனிநபர் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பொற்பதக்கம் கிட்டியது. அச்சோதனைக் குண்டைச் சுடாதிருந்தால்? சிந்திக்கற்பாலது.

ஆயுள் எத்துணை?

குறிநோக்கியின் ஆயுள் இத்துணை ஆண்டு என்று வரையறுத்துக் கூறல் இயலாது. அதன் உறுப்புகளுக்கு வெவ்வேறு ஆயுள். கண்ணாடி, பூஞ்சணமும் கீறலும் தீண்டாவிடின், மனிதனைக் கடந்தும் வாழும். ரப்பர் வளையம் ஆண்டுகளால் முதிரும். வில்சுருளும் திருகும் ஆண்டுகளாலன்றிச் சுட்ட குண்டுகளாலும் திருகிய சொடுக்குகளாலும் முதிரும். பேழையில் ஐம்பதாண்டு உறங்கிய கருவி கிழமாகியும் இருக்கலாம்; நாள்தோறும் உழைத்த கருவி இளமையோடும் இருக்கலாம்.

இக்காலத்து நிறுவனத்தார் பலர் வாழ்நாள் முழுவதற்கும் உறுதி கூறுகின்றனர். அவ்வுறுதியின் பொருளை ஊன்றி நோக்கல் வேண்டும். கெட்டால் திருத்தித் தருவோம் என்பதே அதன் பொருள்; கெடாது என்பதன்று. பிணையாகப் பிடிபட்ட ஒருவரைக் காக்கக் காவலர் குறிபார்த்திருக்கும் நொடியில் கருவி இரண்டு கலை விலகுமாயின், பின்னொருநாள் அஞ்சலில் வரும் புதுக்கருவியாற் பயன் யாது? வேட்டையாட உரிமையுள்ள நாடுகளில், பொய்க்குறியால் உடற்புறத்தே குண்டு தைத்த விலங்கு புதருட் புகுந்து நாட்கணக்கில் வருந்திச் சாகின்றது. அதற்கு எந்த உறுதிச்சீட்டு ஈடு? ஆகலின் ஆயுள் வேறு, நம்பகம் வேறு. நீண்ட நாள் இருத்தல் ஆயுள். வேண்டிய கணத்தில் மெய்யுரைத்தல் நம்பகம். முன்னதை விலைகொடுத்து வாங்கலாம். பின்னதை இடைவிடாச் சோதனையாலன்றிப் பெறல் அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குறிநோக்கியின் உறுதி அதன் விலையிலோ பெருக்குதிறனிலோ மட்டும் அமைந்ததன்று என்பதும், உதைப்பையும் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் முதுமையையும் எதிர்த்து நிற்கும் அமைப்பிலும், பழுது பார்க்கத் தக்க செய்திறத்திலும், பேணுவோன் விழிப்பிலும் அமைந்தது என்பதும் போதரும். மும்மடங்கே பெருக்கும் 32-ஆம் எண் கருவி நாற்பதாண்டு நின்றதன் மறைபொருள் இதுவே.

எம் முகாமின் இறுதி நாளன்று, திருத்திய அதே ரைபிளை மீண்டும் எம் கையிற் கொடுத்தனர். முதலில் ஒரு குண்டைச் சோதனைக்கெனச் சுட்டு, அட்டையைக் கொணரச் செய்து பார்த்தபின்னரே ஏனைய நான்கையும் சுட்டோம். நான்கும் நடுவட்டத்தே விழுந்தன. அட்டையைக் கையொப்பமிட்டுத் தந்த பயிற்றுநர் அந்நான்கைப்பற்றி ஒன்றும் கூறாது, முதற்குண்டின் துளையை மட்டும் விரலாற் சுட்டிக்காட்டி, இதுதான் நல்ல குண்டு என்றார்.